வெட்டவும் கற்றுக்கொடுத்த பள்ளிக்காடு

பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டுத் திடல் இருக்கும், கிணறு இருக்கும், கொஞ்சம் வசதியான பள்ளி என்றால் சொந்த வண்டிகூட இருக்கும். சொந்தக் காடு இருக்குமா? அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிகளை ஒட்டிக் கிடக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறது. அரசிடம் பதிவு செய்த பள்ளிக்காடுகள் அங்கே நானூறுக்கும் மேல். பிள்ளைகள் அங்கே கன்று நடுகிறார்கள், மரத்தை அளக்கிறார்கள், மான் புழுக்கையைத் தேடி எண்ணுகிறார்கள். பருவம் வந்ததும் மரம் வெட்டி விற்கப்படுகிறது, காசு பள்ளிக் கணக்குக்கு வருகிறது.

கடைசியாகச் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. குழந்தைகளுக்குக் காட்டைப் பற்றிச் சொல்லித்தர வருகிற யாரும் முதலில் சொல்வது 'மரம் நடுங்கள்'. அடுத்தது 'மரத்தை வெட்டாதீர்கள்'. அத்தோடு பாடம் முடிந்தது, போட்டோ எடுத்தாகிவிட்டது. நட்ட கன்று அடுத்த கோடையைத் தாண்டியதா என்று போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. நாற்பது வருடம் கழித்து அந்த மரத்தை என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் அதைவிடக் குறைவு. விஸ்கான்சினில் இந்தப் பாடம் கிட்டத்தட்ட நூறு வருடமாக நடக்கிறது. அதனால், கற்றுக்கொடுத்தது எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது என்று பார்க்க முடிகிறது.

மொட்டையான வடக்கு

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வடக்கு விஸ்கான்சின் முழுக்க வெள்ளைப் பைன். நேராக உயர்ந்து வளரும், அறுக்க லேசு, தண்ணீரில் மிதக்கும். இந்த மூன்றாவது குணம்தான் அதற்கு எமனாக வந்தது. குளிர்காலத்தில் வெட்டிப் பனியில் இழுத்து ஆற்றங்கரையில் அடுக்கிவிட்டால், வசந்தத்தில் வெள்ளமே மரத்தை ஆலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 1900-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் அமெரிக்காவிலேயே அதிக மரம் அறுத்த மாநிலம் இதுதான்.

மரம் போன இடத்தில் கழிவு மிஞ்சியது. கிளைகளும் பட்டைகளும் காய்ந்த ஊசியிலைகளும் கிடந்த தரை அது. 1871 அக்டோபர் 8 இரவு பெஷ்டிகோ என்ற மர ஆலை ஊர் எரிந்தது. ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் சாம்பலாயிற்று, குறைந்தது 1,200 பேர் செத்தார்கள். அமெரிக்க வரலாற்றில் அதிக உயிர் வாங்கிய காட்டுத்தீ அதுவே. ஆனால் அதே இரவில் சிகாகோ நகரமும் பற்றி எரிந்ததால், பெஷ்டிகோவின் பெயர் வெளியே பரவவில்லை.

மொட்டையான நிலத்தை என்ன செய்வது? மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரி சொன்ன பதில், 'விவசாயம் செய்யுங்கள்'. குடியேற வருபவர்களுக்காக 1896-இல் கையேடே வெளியிட்டார்கள். முதல் உலகப்போர் முடிந்ததும் மிச்சமிருந்த வெடிமருந்தை அடிக்கட்டை தகர்க்க விவசாயிகளுக்கு விநியோகித்தார்கள். கட்டை போயிற்று, மண் மாறவில்லை. பெரும்பாலும் மணல், உறைபனி இல்லாத நாட்களோ கொஞ்சம். வந்தவர்கள் கடனாளியாகித் திரும்பினார்கள். வரி கட்டாத நிலம் கவுண்டி நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி.

காட்டை மறுபடி வளர்க்கலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மாநிலத்தின் முதல் வன அதிகாரி கிரிஃபித் அதற்காக நிலம் வாங்க ஆரம்பித்தார். 1915-இல் மாநில உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டப்படி இதற்கு அரசு பணம் செலவழிக்க முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டத்தைத் திருத்த 1924 ஆகிவிட்டது. பள்ளிக்காடு பிறந்தது இந்தச் சூழ்நிலையில்.

ஒரு பயணம், ஒரு சட்டம்

அந்த வேளாண் கல்லூரியின் தலைவர் ஹாரி ரஸ்ஸல் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் பொது நிலத்தில் மரம் நடுவதைப் பார்த்தார். ஊர் திரும்பி அதைப் பற்றிப் பேசினார். அவர் பேச்சைப் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர்: இளைஞர் மன்றங்களைக் கவனித்துவந்த வேக்லின் மெக்னீல், வன விரிவாக்க அலுவலர் ஃபிரெட் டிரெங்க். 1927-இல் பள்ளி மாவட்டங்கள் (ஒரு வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) காடு வளர்க்க நிலம் வைத்துக்கொள்ளலாம் என்று மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டது. 1928 வசந்தத்தில் ஃபாரஸ்ட் கவுண்டியில் லவோனா, கிராண்டன், வாபினோ என மூன்று ஊர்ப் பள்ளிகள் தங்கள் காடுகளைத் தொடங்கின. நாட்டிலேயே முதல் பள்ளிக்காடுகள் இவைதான் என்று அங்கே ஒரு நினைவுப் பலகை நிற்கிறது.

ஏன் பள்ளிகள்? என் கணக்கு இது. நிலம் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. நாற்று அரசு நாற்றங்காலிலிருந்து வந்தது. நடுவதற்குக் கைகள் வகுப்பறையில் இருந்தன. அதற்கும் மேலே ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தில் நிலம் துப்புரவாக்கத் தீ வைப்பது அன்றாடப் பழக்கம். அப்பாவிடம் போய் 'தீ வைக்காதீர்கள்' என்று அதிகாரி சொன்னால் சண்டை வரும். பையன் தான் நட்ட கன்று பக்கத்து நிலத்தில் நிற்கிறது என்று சொன்னால் அப்பாவின் கை கொஞ்சம் தயங்கும்.

மெக்னீல் அத்தோடு நிற்கவில்லை. 1933-இல் பல்கலைக்கழக வானொலியின் பள்ளி ஒலிபரப்பில் 'ரேஞ்சர் மேக்' என்ற பெயரில் பேச ஆரம்பித்தார். பல பள்ளிகள் அப்போது ஒரே அறை, ஒரே ஆசிரியர். அந்த ஆசிரியருக்குக் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். வானொலிப் பெட்டி ஒன்று இருந்தால் போதும். பேச்சைக் கேட்டுவிட்டு வெளியே போய்ப் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும். 1954 வரை இருபது வருடத்துக்கு மேல் நடந்த நிகழ்ச்சி இது. ஒலிபரப்புக்கென்று அமெரிக்காவில் தரும் பெரிய விருதான பீபடி, 1942-க்கு அதற்குக் கிடைத்தது. 1935-இல் இன்னொரு சட்டம் வந்தது: இயற்கை வளப் பாதுகாப்பைப் பள்ளிகள் கற்பித்தே ஆக வேண்டும், அறிவியலும் சமூகவியலும் எடுக்கும் ஆசிரியர்கள் அதைப் படித்திருக்கவும் வேண்டும்.

கன்று மரமான பிறகு

நட்டதில் பெரும்பங்கு பைன். அதிலும் செம்பைன். ஆறடிக்கு ஒன்று, ஏழடிக்கு ஒன்று என்று வரிசை பிடித்து நடுவார்கள். ஏக்கருக்கு ஆயிரத்தைத் தாண்டியும் போகும். ஏன் அவ்வளவு நெருக்கம் என்றால், நெருக்கமாக நின்றால்தான் மரம் பக்கவாட்டில் கிளை விடாமல் வெளிச்சத்தைத் தேடி நேராக மேலே போகும். களையும் அமுங்கும். இருபத்தைந்து முப்பது வருடத்துக்கு இது நல்லது. அப்புறம் அதுவே கேடு. தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், கீழ்க்கிளைகள் காயும், தண்டு பருக்காது. இளைத்த மரத்தைப் பட்டை வண்டு தேடி வரும், காற்று சாய்க்கும். அந்தக் கட்டத்தில் மூன்று வரிசைக்கு ஒரு வரிசையை எடுத்துவிடுவது வழக்கம். பிறகு பத்து வருடத்துக்கு ஒருமுறை போல வரிசை பார்க்காமல் மரம் பார்த்து எடுப்பார்கள். கீரைப் பாத்தியில் நாற்றைக் கலைத்து விடுகிறோமே, அதே வேலைதான். இங்கே ஒவ்வொரு நாற்றும் நாற்பதடி உயரம்.

1930-களில் நட்ட பிள்ளைகள் இதைப் பார்க்க வகுப்பில் இல்லை. அவர்கள் பிள்ளைகள் இருந்தார்கள். தாத்தா நட்டதைப் பேரன் வெட்டுவது, அங்கேயே இன்னொன்று நடுவது என்று போகிற கணக்கு இது. எந்தப் பாடப்புத்தகத்திலும் எண்பது வருடம் என்பது ஒரு எண். பள்ளிக்காட்டில் அது கையால் தொடக்கூடிய மரம்.

தொட்டுப் பார்த்துக் கணக்குப் போடவும் வழி இருக்கிறது. செம்பைனும் வெள்ளைப் பைனும் வருடத்துக்கு ஒரு கணு விடும். ஒவ்வொரு கணுவிலும் குடைக் கம்பி போலச் சுற்றிலும் கிளைகள். இளமரம் என்றால் வெட்டாமலே, கீழிருந்து மேலே அந்த வட்டங்களை எண்ணினால் வயது தெரிந்துவிடும். அடியில் மறைந்துபோனவற்றுக்கு இரண்டு மூன்று கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எண்ணிக்கொண்டே போகிற பிள்ளை ஓரிடத்தில் நிற்கும்: இந்த இரண்டு கணுவுக்கு நடுவில் மட்டும் ஏன் இவ்வளவு குட்டை? அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் மழை பொய்த்த வருடத்தைப் பேசத் தொடங்கலாம். ஆசிரியர் முதலில் வாயைத் திறக்காமல் இருந்தால் பாடம் இன்னும் நன்றாக நடக்கும்.

மரத்தின் பருமனை அளக்க பில்ட்மோர் குச்சி என்று ஒன்று உண்டு. ஒரு நீள அளவுகோல், ஆனால் அங்குலங்கள் சமமாக இருக்காது. போகப் போக நெருங்கும். கையை நீட்டி மரத்தின் மேல் கிடையாக வைத்து, இடது முனையை மரத்தின் இடது விளிம்போடு பொருத்தி, தலையை ஆட்டாமல் வலது விளிம்பில் தெரியும் எண்ணைப் படிக்க வேண்டும். இதில் சிறுவர்களுக்கு ஒரு சிக்கல். அந்தக் குச்சி, கண்ணிலிருந்து 25 அங்குலத்தில் பிடிப்பதற்காகக் கோடு போட்டது. வளர்ந்தவர் கை நீளம் அது. பத்து வயதுப் பிள்ளை கையை எவ்வளவு நீட்டினாலும் அந்த தூரம் வராது. குச்சி கண்ணுக்குப் பக்கமாக வந்துவிடும், மரம் உண்மையைவிட ஒல்லியாக அளவு காட்டும். 20 அங்குல மரத்தை 19-க்குக் கீழே படித்துவிட்டு வரும். கடைக் குச்சியைத் தூக்கிப்போட்டுவிட்டு, அவரவர் கை நீளத்துக்கு அவரவரே கோடு கிழித்துக் குச்சி செய்யச் சொல்லலாம். எட்டாம் வகுப்பு வடிவொத்த முக்கோணமும் வர்க்கமூலமும் போதும். வர்க்கமூலம் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

சங்கிலி ரம்பத்தைப் பிள்ளைகள் தொடுவதில்லை. வெட்டுவது தொழில்காரர்கள். ஒவ்வொரு காட்டுக்கும் மாநில வனத்துறையின் வனவரோடு சேர்ந்து எழுதிய மேலாண்மைத் திட்டம் உண்டு, எதை எப்போது எடுப்பது என்பது அதில் இருக்கும். ஆனால் எந்த மரம் போக வேண்டும் என்று யோசிக்கப் பிள்ளைகளால் முடியும். ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்து, போக வேண்டிய மரத்தில் நாடா கட்டச் சொன்னால் போதும். கோணலானது போகட்டும், சரி. நோய் பிடித்தது போகட்டும், சரி. இரண்டும் நல்ல மரம், ஒன்றையொன்று நெருக்குகிறது, அப்போது? ஒருத்தி கட்டிய நாடாவை இன்னொருத்தன் அவிழ்ப்பான். அந்தச் சண்டைதான் காட்டு மேலாண்மை.

யாருக்காகக் காடு

மரம், பலகை, காசு என்று மட்டும் பார்த்தால் பாதிக் காடுதான். மீதிப் பாதி, அதில் குடியிருக்கிற உயிர்களுடையது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்ததும், ஆசிரியர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். 'மரம் வெட்டினால் பறவைக்கு வீடு போகும்' என்பது எல்லாரும் சொல்லும் வாசகம். எந்தப் பறவைக்கு?

கௌதாரிக்கு உறவான ரஃப்டு குரௌஸ் என்ற பறவைக்கு இளம் ஆஸ்பென் காடு வேண்டும். ஆஸ்பென் நிழலில் முளைக்காது. வெட்டவெளியாகச் சுத்தமாக வெட்டினால்தான் அதன் வேரிலிருந்து ஆயிரக்கணக்கில் துளிர் கிளம்பும், அந்தப் புதருக்குள் குஞ்சு ஒளியும். கிர்ட்லண்டு கதிர்க்குருவி இன்னும் பிடிவாதம். ஜாக் பைன் ஐந்திலிருந்து இருபது வயதுக்குள் இருக்கும்போது, தரையைத் தொடும் அதன் கீழ்க்கிளைக்கு அடியில்தான் கூடு வைக்கும். மரம் மூத்துவிட்டால் போய்விடும். ஜாக் பைனின் காயோ பிசின் ஒட்டி மூடிக் கிடக்கும், தீயின் சூட்டில் திறக்கும். தீயை முழுசாக அணைத்துப் பழகிய நாட்டில் அந்தக் குருவி அழிவின் விளிம்புக்குப் போனதில் ஆச்சரியமில்லை. வெட்டி, நட்டு, இளங்காடு உண்டாக்கித்தான் அதை மீட்டார்கள். விஸ்கான்சினின் ஆடம்ஸ் கவுண்டியில் 2007-இல் அது கூடு கட்டியது. 2019-இல் அழியும் இனங்களின் தேசியப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. காக்கை அளவுக்குக் கொண்டையோடு ஒரு மரங்கொத்தி இருக்கிறது, அதற்குப் பட்டுப்போன பெருமரம் வேண்டும். வரிசை பிடித்த சுத்தமான பைன் தோட்டத்தில் அதற்கு வேலை இல்லை. ஆக, ஒரே கோடாலி ஒரு பறவைக்கு வீடு கட்டும், இன்னொன்றின் வீட்டைப் பிடுங்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று நினைப்பது பெரியவர்கள்தான்.

மானை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் மான் இருந்தால் காடு நன்றாக இருக்கிறது என்று தோன்றும். வெள்ளைவால் மான் பெருகிய இடத்தில் ஹெம்லாக், வெள்ளை சீடர் ஆகிய மரங்களின் கன்றுகள் முழங்காலைத் தாண்டாது. பத்தடிக்குப் பத்தடி வேலி போட்டுச் சில வருடம் விட்டுவிட்டால், உள்ளே ஒரு காடு, வெளியே ஒரு காடு என்று ஆகிவிடும். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் நிறுத்தினால் போதும்.

சறுக்கியது

சறுக்கிய இடங்களும் இருக்கின்றன. முதல் முப்பது வருடம் இந்தப் பள்ளிகள் காடு என்று சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் பைன் வரிசையைத்தான். மணல் பறந்த நிலத்துக்கு அதுவே பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனாலும் காடென்றால் ஒரே வயது, ஒரே இனம், நேர்கோடு என்று ஒரு தலைமுறை மனதில் பதிந்திருந்தால் அதன் பழி பாடத்தின் மேல்தான். பிறகு சின்னப் பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளிகளோடு இணைத்தார்கள். காடு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் பதினைந்து மைல் தள்ளி. வண்டிச் செலவு பார்த்து ஒரு பயணம் நின்றால் அடுத்த வருடம் அது மறந்தே போகும். சட்டம் 'கற்பித்தே ஆக வேண்டும்' என்றது. எப்படி என்பதை எந்தச் சட்டமும் சொல்லித்தராது.

அதைச் சரிசெய்ய 2001-இல் 'லீஃப்' என்ற வனக்கல்வித் திட்டம், ஸ்டீவன்ஸ் பாயிண்ட் பல்கலைக்கழகமும் மாநில வனத்துறையும் சேர்ந்து தொடங்கியது. வகுப்புக்கு வகுப்பு பாடத்திட்டம், ஆசிரியருக்குப் பயிற்சி, பள்ளிக்காட்டுக்கு மேலாண்மைத் திட்டத்தோடு ஒரு கல்வித் திட்டமும். மரத்தை எப்போது வெட்டுவது என்று எழுதியது போல, எந்த வகுப்பு எப்போது காட்டுக்குள் போகும் என்றும் எழுதி வைப்பது. சின்ன விஷயம்தான். ஆனால் ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போனதும் தோட்டம் காய்ந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொரு சறுக்கல் அதைவிடப் பெரிது. 1928-ஐப் பற்றிய பேச்சில் ரஸ்ஸல் வருகிறார், ஆஸ்திரேலியா வருகிறது. ஃபாரஸ்ட் கவுண்டியிலேயே வாழ்கிற பொட்டவாட்டமி, ஓஜிப்வே பழங்குடி மக்கள் வருவதில்லை. அங்கிருந்து சில மணி நேரப் பயணம்கூட இல்லாத தூரத்தில் மெனாமினி பழங்குடி மக்களின் காடு இருக்கிறது. 1854 ஒப்பந்தத்துக்குப் பின் அவர்களிடம் மிஞ்சிய ஏறத்தாழ 2,35,000 ஏக்கர். 1908-இலிருந்து நியோபிட் என்ற ஊரில் அவர்களுக்கு மர ஆலை ஓடுகிறது. சுற்றிலும் எல்லாரும் காட்டைத் தீர்த்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் முதிர்ந்ததையும் நலிந்ததையும் எடுத்து, மற்றதை விட்டு வந்தார்கள். இன்றுவரை 200 கோடி பலகையடிக்கு மேல் வெட்டியிருக்கிறார்கள் (ஓரடிக்கு ஓரடி, ஓரங்குலக் கனம், அது ஒரு பலகையடி). அப்படியும் இன்று நிற்கும் மரத்தின் அளவு 1854-இல் நின்றதைவிட அதிகம். மேலாண்மை கற்றுக்கொள்ள ஆஸ்திரேலியா வரைக்கும் போனவர்களுக்கு வாசலில் இருந்தது கண்ணில் படவில்லை. மாநிலத்தின் பழங்குடி மக்களின் வரலாற்றையும் உரிமைகளையும் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்ற சட்டம் 1989-இல்தான் வந்தது.

மேப்பிள் பாகு அதற்கு ஒரு நல்ல வாசல். மார்ச் மாதம் இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில் சர்க்கரை மேப்பிளில் துளையிட்டு வாளி மாட்டினால் நீர் சொட்டும். சுமார் நாற்பது பங்கு காய்ச்சினால் ஒரு பங்கு பாகு. பதநீர் காய்ச்சிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாசனையைச் சொல்லத் தேவையில்லை. மரத்தின் விட்டம் பத்து அங்குலமாவது இருக்க வேண்டும், அதனால் அளந்துவிட்டுத்தான் துளை. இதை ஐரோப்பியர் கற்றது இந்த மக்களிடமிருந்து என்பதை அடுப்படியில் நின்றே சொல்லிவிடலாம்.

ஒரு வீட்டின் காடு

பள்ளிக்காடு இல்லை, ஆனால் இதே மாநிலத்தில், இதே காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் வன உயிர் மேலாண்மைப் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்ட் 1935-இல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் சத்தெல்லாம் போன ஒரு மணல் பண்ணையை வாங்கினார். நின்றது ஒரு கோழிக்கொட்டகை மட்டும். அதைத் துடைத்துத் தங்குமிடமாக்கி, வார இறுதிகளில் மனைவியும் ஐந்து பிள்ளைகளுமாகப் போய்ப் பைன் நட்டார்கள். 1936-இன் வறட்சியில் நட்டதில் பெரும்பாலானவை செத்தன. மறுபடி நட்டார்கள். அப்படியே பல்லாயிரம் கன்றுகள். 1948 ஏப்ரலில் பக்கத்து நிலத்தில் பற்றிய புல் தீயை அணைக்கப் போனபோது மாரடைப்பில் இறந்தார். ஐந்து பிள்ளைகளும் அறிவியலிலோ இயற்கைப் பாதுகாப்பிலோ பெயர் எடுத்தார்கள்.

பைன்கள் வளர்ந்து நெருக்கின. நெருக்கியதைக் கலைத்து எடுத்தார்கள். எடுத்த மரத்தை விற்கவில்லை. அவர் இறந்த இடத்துக்கு அருகே 2007-இல் கட்டிய லியோபோல்ட் மையத்துக்குத் தூணும் உத்தரமும் அதுதான். பண்ணையை வாங்கிய வருடம் கடைக்குட்டி எஸ்டெல்லாவுக்கு வயது எட்டு. கட்டடம் எழுந்தபோது எண்பது.